வெள்ளை நகரின் வாயிலில்: 1893 சிகாகோ உலகக் கண்காட்சியும் கறுப்பின மக்கள் எழுப்பிய கேள்வியும்

"சிகாகோ, 1893" என்றவுடன் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பயின்ற எவர்க்கும் நினைவில் எழுவது ஓர் உரை. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று சமயப் பேரவையில் விவேகானந்தர் ஆற்றிய உரை அது. ஆனால் அப்பேரவை தனித்து நிகழ்ந்த ஒன்றன்று. கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த நானூறாம் ஆண்டைக் கொண்டாடும்பொருட்டு ஆறு மாத காலம் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூட்டப்பட்ட பல மாநாடுகளுள் அதுவும் ஒன்று. அந்தப் பெருங்கண்காட்சியைப் பற்றித் தமிழில் பேசப்பட்டது குறைவு. அதன் வாயிலில் நின்று கறுப்பின மக்கள் எழுப்பிய கேள்வியைப் பற்றிப் பேசப்பட்டது அதனினும் குறைவு.

அக்கேள்வி எளியது. ஒரு நாடு தன்னை உலகுக்குக் காட்டிக்கொள்ளும்போது, அந்நாட்டைத் தம் உழைப்பால் எழுப்பியவர்கள் அங்கே எவ்விடத்தில் நிற்கிறார்கள்? காட்டுவோராக நிற்கிறார்களா, காட்டப்படுவோராக நிற்கிறார்களா? நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இக்கேள்வி தீர்ந்துவிடவில்லை என்பதனாலேயே அந்த வரலாற்றை நாம் மீண்டும் வாசிக்க வேண்டியுள்ளது.

கண்காட்சி எதைக் காட்டியது?

1851-இல் இலண்டனில் பளிங்கு மாளிகைக் கண்காட்சி நடந்தது முதல், பேரரசுகள் தம் வலிமையைப் பறைசாற்றும் களமாக உலகக் கண்காட்சிகள் விளங்கின. 1889-இல் பாரிஸ் நகரம் ஐபெல் கோபுரத்தை எழுப்பி உலகை வியக்கச் செய்தது. அதனை விஞ்ச வேண்டும் என்ற வேட்கையோடு அமெரிக்க நாடாளுமன்றம் 1890-இல் சட்டம் இயற்றியது. நியூயார்க்குடன் போட்டியிட்டுச் சிகாகோ அந்த வாய்ப்பைப் பெற்றது. மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த ஜாக்சன் பூங்கா தேர்ந்தெடுக்கப்பட்டது. கட்டடக்கலைஞர் டேனியல் பர்ன்ஹாமும் நிலவடிவமைப்பாளர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் சதுப்பு நிலத்தைத் திருத்தி, ஏறத்தாழ 200 கட்டடங்கள் கொண்ட ஒரு நகரையே உருவாக்கினர்.

1893 மே 1 அன்று குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து கண்காட்சியைத் திறந்து வைத்தார். அக்டோபர் 30 வரை அது நீடித்தது. 46 நாடுகள் பங்கேற்றன. மொத்த வருகை 2 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியது. அக்காலத்து அமெரிக்காவின் மக்கள்தொகையே ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம்தான். 264 அடி உயரமுள்ள முதல் பெரிஸ் இராட்டினம் அங்கேதான் சுழன்றது. மாறுதிசை மின்னோட்டத்தின் ஆற்றலைப் பெருந்திரளான மக்கள் முதன்முறையாக அங்கே கண்டனர்.

முதன்மைக் கட்டடங்கள் வெண்ணிறம் பூசப்பட்டு இரவில் மின்னொளியில் மிளிர்ந்தமையால் அதற்கு 'வெள்ளை நகரம்' என்ற பெயர் அமைந்தது. சலவைக்கல்லைப் போலத் தோன்றிய அச்சுவர்கள் உண்மையில் சாந்தும் நாரும் கலந்த தற்காலிகப் பூச்சால் ஆனவை. ஓராண்டு கழிவதற்குள், 1894-இல் நேர்ந்த தீவிபத்துகளில் அவற்றுள் பெரும்பகுதி எரிந்து போயிற்று.

அக்கண்காட்சியின் நிலவரைபடமே ஒரு கொள்கை விளக்கமாக அமைந்திருந்தது. ஒருபுறம் வெள்ளை நகரம்: தொழில், மின்னியல், கலை, ஆட்சி. அதனின்று மேற்கே நீண்ட, ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள 'மிட்வே' என்னும் பகுதி: கேளிக்கைகளும் 'அயல்' மக்களின் 'கிராமங்களும்'. மானுடவியல் துறைக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிரெடரிக் வார்டு புட்னம் தலைமை தாங்கினார். மிட்வே பகுதியும் பெயரளவில் அத்துறையின் கீழேயே வைக்கப்பட்டது. நுழைவுக்கட்டணம் செலுத்தி வந்த வெள்ளையர் குடும்பம் ஒன்று, ஆப்பிரிக்கரையும் அரேபியரையும் பசிபிக் தீவினரையும் வேடிக்கை பார்த்துவிட்டு வெள்ளை நகருக்குள் நுழைகையில், மானுட வளர்ச்சியின் படிக்கட்டில் ஏறிவந்த உணர்வைப் பெற்றது. தாழ்ந்தோர், உயர்ந்தோர் என்ற அடுக்குமுறை அறிவியலின் உடையணிந்து அங்கே உலவியது.

தலைகளையும் மூக்குகளையும் அளந்து மனிதரை வரிசைப்படுத்திய காலம் அது. அதே ஆண்டுகளில் இந்தியாவில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அளவுகளைக் கொண்டு சாதிகளின் ஏற்றத்தாழ்வுக்கு 'அறிவியல்' விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் இணைத்துப் பார்த்தால், சிகாகோவில் நடந்தது ஒரு நகரின் தனிப்பிழை அன்று என்பது விளங்கும்.

எவருமற்ற ஆணையம்

அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளில் கறுப்பின மக்கள் பள்ளிகளை எழுப்பினர், இதழ்களை நடத்தினர், மருத்துவராகவும் வழக்குரைஞராகவும் கண்டுபிடிப்பாளராகவும் உயர்ந்தனர். 1890-இல் அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 லட்சம். தம் முன்னேற்றத்தை உலகின் முன் வைக்க இக்கண்காட்சி உகந்த இடம் என அவர்கள் நம்பினர்.

குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் 208 பேர் கொண்ட தேசிய ஆணையத்தை அமைத்தபோது அதில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே ஒருவர் மாற்று உறுப்பினராக மட்டும் சேர்க்கப்பட்டார். பெர்தா பாமர் தலைமையில் அமைந்த, நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட மகளிர் மேலாண்மைக் குழுவிலும் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இடம்பெறவில்லை. இடம் கோரி இரு வேறு கறுப்பினப் பெண்கள் அமைப்புகள் விண்ணப்பித்தபோது, 'உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒருவரைத் தேர்ந்தால் மற்றவர் வருந்துவர்' என்னும் தோரணையில் கதவு சாத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான வெள்ளையர் ஒற்றுமையோடு இருந்ததனாலா ஆணையத்தில் இடம்பெற்றனர் என்று எவரும் வினவவில்லை. இந்தச் சமாதானத்தின் இந்திய வடிவத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்பதை வாசகர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

காட்சிப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மாநிலக் குழுக்களிடம் விடப்பட்டது. சட்டத்தின் சொற்களில் நிறப் பாகுபாடு எதுவும் இல்லை; விண்ணப்பிக்கும் உரிமை எல்லோர்க்கும் உண்டு. ஆனால் தேர்வுக் குழுக்களில் அமர்ந்தோர் வெள்ளையர். அடிமைமுறைக்காகப் போர் தொடுத்துத் தோற்ற தென் மாநிலங்களின் குழுக்களிடம் முன்னாள் அடிமைகள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அந்தச் 'சமத்துவ' விதியின் நடைமுறைப் பொருள். கண்காட்சியின் காவற்படையில் சேர முயன்ற கறுப்பின இளைஞர்க்கு மருத்துவச் சோதனை தடையாக எழுந்தது. மார்பளவு போதாது என்று ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். கறுப்பினத்தவர்க்குக் கிட்டியவை பெரும்பாலும் ஏவல் வேலைகளே.

கறுப்பின மக்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. தமக்கெனத் தனி அரங்கு வேண்டும் என்றனர் சிலர். தனி அரங்கு தனிமைப்படுத்தலை ஏற்பதாகும், அனைவரோடும் கலந்தே இடம்பெற வேண்டும் என்றனர் வேறு சிலர். அந்த விவாதம் முடியும் முன்பே இரண்டும் மறுக்கப்பட்டன.

ஹைட்டி தந்த இடம்

கதவு திறந்தது வேறொரு திசையிலிருந்து. அடிமைகளின் புரட்சியால் பிறந்து 1804-இல் விடுதலை பெற்ற கறுப்பினக் குடியரசான ஹைட்டி, கண்காட்சியில் தனக்கென ஒரு கட்டடத்தை எழுப்பியது. அதன் ஆணையராக ஹைட்டி அரசு நியமித்தவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முதன்மைக் குரலாக உயர்ந்தவர் அவர். ஹைட்டியில் அமெரிக்கத் தூதராகவும் பணியாற்றியவர். தன் சொந்த நாடு இடம் தராத கண்காட்சியில், அயல்நாடு ஒன்றின் பிரதிநிதியாக அவர் அமர நேர்ந்தது. பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார், இருபது வயதை அப்போதுதான் கடந்திருந்த இளைஞர், அக்கட்டடத்திலேயே டக்ளசின் கீழ் வேலை செய்தார்.

அதே கட்டடத்தில் இடம் பெற்ற மற்றொருவர் ஐடா பி. வெல்ஸ். 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரில் அவருடைய நண்பர் தாமஸ் மோசும் வேறு இருவரும் வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்டனர். வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக மளிகைக்கடை நடத்தியது அவர்கள் செய்த 'குற்றம்'. கும்பற்கொலைகளுக்குக் கற்பிக்கப்பட்ட காரணங்கள் பொய்யென எழுதியமைக்காக வெல்சின் இதழ் அலுவலகம் அழிக்கப்பட்டது. ஊர் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அவர் வடக்கே தங்கினார்.

இவ்விருவரோடு இதழாளர் ஐர்வின் கார்லண்ட் பென்னும் சிகாகோ வழக்குரைஞர் பெர்டினாண்ட் பார்னெட்டும் இணைந்தனர். நால்வரும் எழுதிய குறுநூலின் தலைப்பே ஒரு கேள்விக்கு விடையாக அமைந்தது: 'உலகக் கொலம்பியக் கண்காட்சியில் கறுப்பின அமெரிக்கர் ஏன் இல்லை என்பதற்கான காரணம்'. அச்சிடும் செலவுக்கென 500 டாலர் திரட்டப்பட்டது. சிகாகோவின் கறுப்பினப் பெண்கள் ஞாயிறுதோறும் தேவாலயங்களில் கூட்டம் நடத்திச் சேர்த்த பணம் அது. முழு நூலையும் பல மொழிகளில் வெளியிட எண்ணியிருந்தனர். பொருள்வசதி போதாமையால் முன்னுரை மட்டும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில் இடம்பெற்றது. அயல்நாட்டு வருகையாளரை நோக்கியே அது எழுதப்பட்டது. ஹைட்டி கட்டடத்தில் இருந்தபடியே வெல்ஸ் 10,000 படிகளை வழங்கினார்.

அந்நூல் புலம்பல் அன்று, வழக்குரை. வாக்குரிமையைப் பறித்த சட்டங்களையும், தொடர்வண்டிகளில் தனிப்பெட்டி விதித்த சட்டங்களையும் வெல்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிறைக்கைதிகளைத் தனியார்க்குக் குத்தகைக்கு விட்டு, அடிமைமுறையை வேறு பெயரில் தொடர்ந்த ஏற்பாட்டை விவரித்தார். 1892-ஆம் ஆண்டில் மட்டும் கும்பற்கொலைக்கு ஆளானோர் 241 பேர், அவர்களுள் 160 பேர் கறுப்பினத்தவர் என்ற கணக்கை வெளியிட்டார். அந்தக் கணக்கை அவர் எடுத்தது வெள்ளையர் நடத்திய சிகாகோ நாளேட்டிலிருந்தே. எதிர்த்தரப்பு மறுக்கவியலாத சான்று வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். விடுதலைக்குப் பிந்தைய முன்னேற்றத்தைப் பென் தொகுத்தார். கண்காட்சி நிர்வாகம் எவ்வாறு படிப்படியாகக் கறுப்பினத்தவரை விலக்கியது என்பதைப் பார்னெட் ஆவணங்களுடன் நிறுவினார்.

'வீட்டு அழுக்கை அயலார் முன் துவைப்பதா' என்ற எதிர்ப்பு அன்றும் எழுந்தது. கறுப்பின ஏடுகள் சிலவே அக்குறுநூலை வேண்டாமென்றன. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவாத எதிர்ப்பு மாநாட்டுக்குத் தலித் அமைப்புகள் சாதியக் கொடுமைகளின் ஆவணங்களோடு சென்றபோது, 'இது உள்நாட்டு விவகாரம்' என்று இந்திய அரசு வாதிட்டதையும், மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறாமற் போனதையும் நாம் அறிவோம். உள்நாட்டில் செவி மறுக்கப்பட்டோர் உலக அரங்கை நாடுவது துரோகம் எனப்படுவது பழைய வழக்கம். வெல்ஸ் அதற்கு அஞ்சவில்லை.

ஒரு நாள் சலுகை

கண்காட்சியில் ஒவ்வொரு நாட்டுக்கும் குழுவுக்கும் சிறப்பு நாள் ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், ஆகஸ்ட் 25 'கறுப்பின அமெரிக்கர் நாள்' என அறிவிக்கப்பட்டது. ஆறு மாதமும் ஆணையத்தில் இடமில்லை. ஒரு நாள் மட்டும் கொண்டாட்டம். அந்நாளில் தர்ப்பூசணி பெருமளவில் விற்கப்படும் என்ற செய்தி பரவியது. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் வெள்ளையரின் வழக்கமான சித்திரங்களில் இடம்பெறும் பழம் அது. கேலி இதழ்கள் இழிவான படங்களை வெளியிட்டன.

இங்கே டக்ளசும் வெல்சும் முரண்பட்டனர். வெல்ஸ் அந்நாளைப் புறக்கணிக்க அழைத்தார். தருமம்போல் எறியப்படும் ஒரு நாளை ஏற்பது விலக்கலுக்கே ஒப்புதல் அளிப்பதாகும் என்பது அவர் நிலை. டக்ளசோ கிடைத்த மேடையை விடலாகாது என்றார். எழுபத்தைந்து வயதை எட்டிய அவர் அன்று பேசத் தொடங்கியதும் கூட்டத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையர் சிலர் ஏளனக் குரல் எழுப்பினர். கையிலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு அவர் முழங்கினார். நீக்ரோப் பிரச்சினை என்று ஒன்று இல்லை. அமெரிக்கர் தம் அரசமைப்புக்கு உண்மையாக வாழும் நேர்மை படைத்தவரா என்பதே பிரச்சினை என்பது அவ்வுரையின் சாரம். பேரன் ஜோசப் டக்ளஸ் வயலின் இசைத்தார். டன்பார் கவிதை வாசித்தார்.

மறுநாள் நாளேடுகளில் உரையைப் படித்த வெல்ஸ், நேரே ஹைட்டி கட்டடத்துக்குச் சென்று டக்ளசிடம் வருத்தம் தெரிவித்தார். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 30 என்ற தேதியிட்டு வந்த குறுநூலில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன.

மேடையைப் பயன்படுத்துவதா, புறக்கணிப்பதா? இவ்வினா நம் இயக்கங்களிலும் ஆண்டுதோறும் எழுகிறது. ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை அணிவிக்கும் அரசும் நிறுவனமும் மற்ற 364 நாள்களில் எவரைத் தம் குழுக்களில் அமர்த்துகின்றன என்று கேட்பவர்களும், அந்த ஒரு நாளையாவது பயன்படுத்துவோம் என்பவர்களும் நம்மிடையே உள்ளனர். சிகாகோவில் இரு வழிகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தின என்பதே நம் மதிப்பீடு. புறக்கணிப்பின் கடுமை இல்லையேல், டக்ளசின் உரை விழாவுக்கு அணிசேர்த்த பேச்சாகச் சுருங்கியிருக்கும். உரை இல்லையேல், அந்நாளைப் பற்றிய பதிவாகத் தர்ப்பூசணிக் கேலி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

காட்டப்பட்டோர்

மிட்வே பகுதியில் 'டஹோமி கிராமம்' என்ற ஒன்று இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் அங்கே ஆடவும் பாடவும் போர்க்கோலம் காட்டவும் பணிக்கப்பட்டனர். 1892 முதல் 1894 வரை பிரெஞ்சுப் படை டஹோமி அரசோடு போரிட்டு அதைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாடு பீரங்கியால் வீழ்த்தப்படும் அதே மாதங்களில், அந்நாட்டு மக்கள் கடலுக்கு அப்பால் 'காட்டுமிராண்டிகள்' என வேடிக்கை காட்டப்பட்டனர். முன்னது பின்னதற்கு நியாயம் தேடித் தந்தது, பின்னது முன்னதற்கு.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தவே டஹோமியர் கொண்டுவரப்பட்டனர் என்று குறுநூலின் அறிமுகத்தில் டக்ளஸ் எழுதினார். கண்டனம் நியாயமானது, ஆனால் அதன் சொற்களில் அந்த ஆப்பிரிக்கர் மீதான அருவருப்பும் கலந்திருந்தது. அடுக்குமுறையின் ஆற்றல் இதில்தான் உள்ளது. அதற்கு ஆளானவரும், 'நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்' என்று தமக்குக் கீழே ஒருவரைக் காட்டத் தூண்டப்படுகிறார். அம்பேத்கர் பின்னாளில் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியதன் நிழலை இங்கே காண்கிறோம்.

சிகாகோ நகரம் நிற்கும் மண்ணே பொட்டவாட்டமி பூர்வகுடிகளிடமிருந்து 1833 ஒப்பந்தத்தின் வழியே பறிக்கப்பட்டது. அக்குடியைச் சேர்ந்த சைமன் பொக்காகன், பூர்ச்ச மரப்பட்டையில் அச்சிட்ட சிறுநூல் ஒன்றைக் கண்காட்சியில் பரப்பினார். கொலம்பஸ் வருகையைக் கொண்டாட எம்மிடம் மனமில்லை என்பது அதன் பொருள். அழைக்கப்பட்டு அக்டோபர் 9 அன்று அவர் மேடையேறவும் செய்தார்.

கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன், 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயர் சூட்டப்பட்டு, மாவு நிறுவனம் ஒன்றின் அரங்கில் அப்பம் சுட்டுக் காட்டினார். பழைய தோட்ட வாழ்க்கையை எண்ணி மகிழும் அடிமைத்தாய் என்ற பொய்ச்சித்திரம் அவர் முகத்தின் மீது ஒட்டப்பட்டது. அந்த வணிகப் பெயர் 2021 வரை கடைகளில் நிலைத்திருந்தது.

இலங்கை அரங்கும் அங்கே இருந்தது. மரவேலைப்பாடு மிக்க அக்கட்டடத்தின் முதன்மை நோக்கம் சிலோன் தேயிலைக்கு அமெரிக்கச் சந்தையைத் திறப்பது. வந்தோர்க்குத் தேநீர் வழங்கப்பட்டது. அத்தேயிலையை விளைவித்தவர்கள், தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் கடன்கட்டில் பிணைத்து மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர்கள்; அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். கறுப்பினத்தவரின் பருத்தியைப் போலவே நம்மவரின் தேயிலையும் வெள்ளை நகருக்குள் நுழைவு பெற்றது.

சமயப் பேரவையில் யார் பேசினர்?

செப்டம்பர் 11 முதல் 27 வரை நடந்த சமயப் பேரவை, கண்காட்சியின் மற்றப் பகுதிகளைவிட விரிந்த மனம் கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆசியச் சமயத்தவர் தம் சமயத்தைப் பற்றித் தாமே பேசினர். இலங்கையின் அநாகரிக தர்மபாலா பௌத்தத்தின் சார்பில் உரையாற்றினார். ஃபேனி பேரியர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, அடிமைமுறைக்குத் துணைநின்ற கிறித்தவத்தை அங்கேயே கேள்விக்கு உட்படுத்தினார். ஆனால் பூர்வகுடிகளின் சமயத்தைப் பற்றிப் பேச ஒரு பூர்வகுடி அழைக்கப்படவில்லை; வெள்ளை மானுடவியலாளர் ஆலிஸ் பிளெட்சரே பேசினார்.

விவேகானந்தரின் பயணத்துக்குச் சென்னையின் அளசிங்கப்பெருமாள் முதலிய சீடர்கள் வீடுவீடாகப் பொருள் திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை ஊக்குவித்தார். தீண்டாமையை அவர் பின்னர் கடுமையாகச் சாடியதும் உண்மையே. ஆயினும் அப்பேரவையில் இந்தியாவின் சார்பாகப் பேசியோருள் தீண்டாமைக்கு ஆளான சாதியினர் ஒருவரும் இல்லை. சகிப்புத்தன்மையின் தாயகம் என்ற சித்திரம் உலகின் முன் வரையப்பட்டபோது, அச்சித்திரத்துக்கு மறுப்பு எழுதக்கூடியவர்கள் சென்னையில் இருந்தனர்.

1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர் கோயில் நுழைவுரிமையைப் பற்றி வினவியபோது அது மறுக்கப்பட்டது. 1893 அக்டோபரில், அதாவது சிகாகோக் கண்காட்சி முடிவுக்கு வந்த அதே மாதத்தில், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக எறியப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கி, தம் மக்களின் நிலையைத் தாமே எழுதினார். வெல்சும் சீனிவாசனும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் இருவரும் கண்டடைந்த கருவி ஒன்றே: பிறர் நம்மைக் காட்டுவதற்கு முன் நம்மை நாமே பதிவு செய்தல்.

கண்காட்சி விட்டுச்சென்றவை

வெள்ளை நகரின் கட்டடங்களில் அதே இடத்தில் நிலைத்தது முதன்மையாக நுண்கலை மாளிகை ஒன்றே. அது இன்று அறிவியல், தொழில்நுட்ப அருங்காட்சியகமாக விளங்குகிறது. மானுடவியல் காட்சிப் பொருள்கள் பீல்டு அருங்காட்சியகத்தின் கருவாயின. பரந்த சாலைகளும் பேரரங்குகளும் கொண்ட 'அழகிய நகரம்' என்னும் திட்டமிடல் கொள்கை அமெரிக்க நகரங்களெங்கும் பரவியது.

எழுத்தில் நிலைத்தவை வேறு. 1895-இல் அட்லாண்டா கண்காட்சியில் கறுப்பினத்தவர்க்குத் தனிக்கட்டடம் ஒதுக்கப்பட்டது. அங்கே புக்கர் டி. வாஷிங்டன் ஆற்றிய உரை, சமூகச் சமத்துவத்தை வற்புறுத்தாத இணக்க அரசியலின் அடையாளமாயிற்று. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ், தாமஸ் காலவே, டேனியல் மரே ஆகியோர் கறுப்பின அமெரிக்கர் அரங்கை அமைத்தனர். டுபாய்ஸ் தம் மாணவர்களோடு கையால் வரைந்த வண்ண விளக்கப்படங்களில் நிலவுடைமை, கல்வி, தொழில், மக்கள்தொகை ஆகியவற்றின் புள்ளிவிவரங்கள் நிரம்பியிருந்தன. நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களும் உடனிருந்தன. அளக்கப்பட்ட மக்கள் தாமே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்ட தருணம் அது. 1893-இல் குறுநூல் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே இதை நாம் காண்கிறோம்.

இவ்வரலாறு நமக்கு அயலானதும் அன்று. அமெரிக்கா அடிமைமுறையை ஒழித்ததைப் போற்றி, ஜோதிராவ் புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை அந்நாட்டு நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சட்டத்தால் வந்த விடுதலை நடைமுறையில் எவ்வாறு திரும்பப் பறிக்கப்பட்டது என்பதை இருபது ஆண்டுகள் கழித்துச் சிகாகோக் குறுநூல் காட்டியது. 1946-இல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளிக்கும் மனுவின் படிகளைக் கேட்டார். ஒருவர் ஆவணத்திலிருந்து மற்றவர் கற்றுக்கொண்டனர்.

வெல்ஸ் எழுதத் தொடங்கிய கும்பற்கொலை எதிர்ப்புக்குச் சட்டவடிவம் கிட்ட 130 ஆண்டுகள் ஆயின. 2022-இல்தான் கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. 2018-இல் சிகாகோ நகர மன்றம் நகரின் நடுவிலுள்ள முதன்மைச் சாலை ஒன்றுக்கு ஐடா பி. வெல்ஸ் பெயரைச் சூட்ட முடிவெடுத்தது. அவர் ஆணையத்தில் இடமின்றி, அயல்நாட்டுக் கட்டடத்தில் ஒதுங்கி நின்று குறுநூல் வழங்கிய நகரம் அதுவே.

பெயர்ப்பலகை நல்லதே. ஆனால் அதனினும் பயனுள்ளது அக்குறுநூலின் வினவும் முறை. அருங்காட்சியகம், இலக்கிய விழா, பாடநூல் குழு, வளர்ச்சித் திட்டம், பன்னாட்டு மாநாடு என எதற்கு நாம் அழைக்கப்பட்டாலும், பார்னெட் 1893-இல் கேட்டவற்றை நாமும் கேட்கலாம். தேர்வுக்குழுவில் இருப்போர் யார்? விதி யாவர்க்கும் பொது என்றால், அதைச் செயற்படுத்தும் கை யாருடையது? நமக்கு அளிக்கப்படுவது ஆணையத்தில் இடமா, விழாவில் ஒரு நாளா? விடை எதுவாயினும் அதைத் தேதியோடும் எண்ணிக்கையோடும் எழுதி வைக்க வேண்டும். தேவாலயக் கூட்டங்களில் சிகாகோவின் பெண்கள் திரட்டிய 500 டாலரால் அச்சான பக்கங்கள், வெள்ளை நகரம் எரிந்து சாம்பலான பின்னரும் வாசிக்கப்படுகின்றன.